ஊர் அறிந்து கற்க வேண்டிய ஆங்கிலம்

ஆஸ்திரேலியாவில் புதிதாகக் குடியேறியவர்களைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கதை ஒன்று உண்டு. அக்கம்பக்கத்தார் கூடும் விருந்துக்கு அழைப்பு வருகிறது. அழைப்பின் முடிவில் ‘பிரிங் எ பிளேட்’ என்று ஒரு வரி. விருந்து வைப்பவர் வீட்டில் தட்டுகள் போதவில்லை போலும் என்று எண்ணி, வந்தவர்கள் வெற்றுத் தட்டைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போய் நிற்கிறார்கள். அந்த நாட்டு வழக்கில் அத்தொடருக்குப் பொருள், எல்லோரும் பகிர்ந்து உண்ணும்படி ஏதேனும் ஒரு பண்டம் செய்து கொண்டுவாருங்கள் என்பதாகும். ‘பிரிங்’, ‘பிளேட்’ ஆகிய இரண்டும் தொடக்கப் பள்ளியிலேயே கற்பிக்கப்படும் சொற்கள். ஆகவே அகராதியைத் திறக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றியிருக்காது. தெரியாத சொல் எதுவும் அந்த வரியில் இல்லையே.

ஆங்கிலத்தின் கொச்சைச் சொற்களையும் மரபுத்தொடர்களையும் கற்பதில் உள்ள சிக்கல் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. ஒரு தொடரின் பொருளை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது. அது எந்த நாட்டில், எந்த வயதினரால், யாரிடம், எந்த மனநிலையில் சொல்லப்படுகிறது என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும். இவற்றை அந்தத் தொடரின் முகவரி என்று வைத்துக்கொள்வோம். நம் பள்ளிப் பாடங்களில் இடம்பெறும் மரபுத்தொடர்ப் பட்டியல்கள் பொருளைத் தருகின்றன, முகவரியைத் தருவதில்லை. கனமழையைச் சொல்ல ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று தலைமுறை தலைமுறையாக எழுதிப் பழகியிருக்கிறோம். இங்கிலாந்துக்காரர் எவருக்கும் அது புரியும். ஆனால் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் இயல்பாகச் சொல்வது ‘சக்கிங் இட் டவுன்’ என்றோ ‘பக்கெட்டிங் டவுன்’ என்றோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தமிழில் நமக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம்

மரபுத்தொடர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஆங்கிலத்திலிருந்து புதிதாகக் கற்க வேண்டியதில்லை. தமிழிலேயே அது நமக்குத் தெரியும். ஒருவர் இறந்துவிட்டதை ‘மண்டையைப் போட்டுவிட்டார்’ என்று நண்பர்களுக்கிடையே சொல்வோம், துக்கம் கேட்கச் சென்ற வீட்டில் சொல்ல மாட்டோம். ‘மண்டை’ என்பதற்குப் பதிலாக அதே பொருளுடைய ‘தலை’ என்ற சொல்லை வைத்தால் தொடர் செத்துவிடுகிறது. ‘மண்டை அவரால் போடப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையாக மாற்றினால் கேட்பவர் சிரிப்பார். இறப்பையே குறிக்கும் ஆங்கிலத்தின் ‘கிக் த பக்கெட்’ என்ற தொடருக்கும் இந்த மூன்று கட்டுப்பாடுகளும் அப்படியே பொருந்தும்: இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், சொல்லை மாற்றக் கூடாது, இலக்கண அமைப்பை மாற்றக் கூடாது. புதிய தொடர் ஒன்றைச் சந்திக்கும்போதெல்லாம் இம்மூன்றையும் கேட்டுப் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

தாய்மொழி அறிவு துணை செய்வது போலவே தடுக்கியும் விடும். ‘புல்லிங் மை லெக்’ என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால், வேடிக்கைக்காக என்னை ஏய்க்கிறாய் என்று பொருள். நாமோ ‘காலை வாருதல்’ என்பதை நினைத்துக்கொண்டு, நம்பியவர் துரோகம் செய்துவிட்டதாக அவர் குற்றம் சாட்டுகிறார் என்று திடுக்கிடுகிறோம். அந்த இடத்தில் தமிழர் சொல்லக்கூடியது ‘காது குத்தாதே’ என்பதற்கு அருகில் வரும். அதேபோல், தேர்வுக்கு முன் ஏற்படும் படபடப்பை ஆங்கிலத்தில் வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பதாகச் சொல்வார்கள்; நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். இரண்டும் ஒரே அளவினவா என்றால் இல்லை. பட்டாம்பூச்சியில் சிறிது ஆவலும் கலந்திருக்கிறது, புளியில் அச்சம் மட்டுமே. ஆகவே, ஆங்கிலத் தொடருக்கு எதிரே ஒரு தமிழ்த் தொடரை எழுதி வைப்பதைவிட, அது சொல்லப்படும் சூழலை ஒரு வரியில் எழுதி வைப்பது பிழைக்கு இடம் கொடுக்காது.

முதலில் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

ஐந்து நாடுகளின் கொச்சைச் சொற்களை ஒரே நேரத்தில் கற்க முற்படுபவர், மதுரைப் பேச்சில் பாதியையும் யாழ்ப்பாணப் பேச்சில் பாதியையும் கலந்து பேசும் வெளியூர்க்காரரைப் போல ஆகிவிடுவார். எனவே வேலை, படிப்பு, உறவினர் ஆகியவற்றில் எது உங்களை ஆங்கிலத்தோடு இணைக்கிறதோ அந்த நாட்டை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளின் வழக்குகள் காதில் விழுந்தால் புரியும் அளவுக்கு இருந்தால் போதும். ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் கொச்சையைத் திறக்கும் சாவி ஒன்று இருக்கிறது. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட அந்தச் சாவியைக் கண்டுபிடிப்பதே குறுக்கு வழி என்பது என் கருத்து.

பிரிட்டனின் சாவி, குறைத்துச் சொல்லுதல். ‘நாட் பேட்’ என்பது அங்கே பெரும்பாலும் பாராட்டு. ‘குவைட் குட்’ என்று அமெரிக்கர் சொன்னால் மிக நன்று என்று கொள்ளலாம். பிரிட்டிஷ்காரர் அதே சொல்லைத் தட்டையான குரலில் சொன்னால் பரவாயில்லை என்ற அளவோடு நின்றுவிடும். ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று பேச்சைத் தொடங்குபவர் உங்களோடு உடன்படப் போவதில்லை. ‘யூ ஆல்ரைட்?’ என்று கேட்பவருக்கு உங்கள் முதுகு வலியின் வரலாறு தேவையில்லை. நம் ஊரில் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பது எப்படி உணவு பற்றிய விசாரணை அல்லவோ அப்படியே அதுவும் ஒரு முகமன். ‘ஹாஃப் செவன்’ என்றால் ஏழரை மணி. வடக்கு இங்கிலாந்தில் ‘டீ’க்கு அழைத்தால் மாலை உணவுக்கு அழைப்பதாக இருக்கலாம். மகிழ்ச்சிக்கு ‘சஃப்ட்’, ஏமாற்றத்துக்கு ‘கட்டட்’, நன்றிக்கு ‘சியர்ஸ்’, ஒரு பவுண்டுக்கு ‘குவிட்’ என்பவற்றை முதல் வாரத்திலேயே கற்றுவிடலாம்.

ஒரே சொல் கடலைத் தாண்டியதும் நேர்மாறான பொருளைப் பெறுவதும் உண்டு. ‘டேபிள்’ என்ற வினை பிரிட்டனில் ஒன்றை விவாதத்துக்கு எடுத்துக்கொள்வதைக் குறிக்கும், அமெரிக்காவில் அதை ஒத்திப்போடுவதைக் குறிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது ஓர் ஆவணத்தை உடனே விவாதிக்க விரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் அதை ‘டேபிள்’ செய்யலாம் என்றதும், அமெரிக்கர்கள் கூடாது என்று மறுக்க, இரு தரப்பும் ஒரே கருத்தில் இருந்துகொண்டே நெடுநேரம் வாதாடியதைச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். இன்று இரு நாட்டு வாடிக்கையாளர்களோடும் மாறி மாறித் தொலைபேசியில் பேசும் மென்பொருள் ஊழியர் ஒருவருக்கு இந்தச் சொல் அதே விபத்தை ஏற்படுத்தக்கூடும்.

லண்டனின் கிழக்குப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய எதுகைக் கொச்சை தனி ரகம். சொல்ல வந்த சொல்லோடு எதுகை படும் ஓர் இரட்டைத் தொடரை எடுத்துக்கொண்டு, பின்னர் எதுகை உள்ள பகுதியையே வெட்டிவிடுவது அதன் முறை. ‘ஹெட்’ என்பதற்கு ‘லோஃப் ஆஃப் பிரெட்’. அதில் ‘லோஃப்’ மட்டும் மிஞ்சி, ‘யூஸ் யுவர் லோஃப்’ என்றால் மூளையைப் பயன்படுத்து என்று பொருளாகிவிட்டது. ‘லுக்’ என்பதற்கு ‘புச்சர்ஸ் ஹுக்’. அதனால் ‘ஹேவ் எ புச்சர்ஸ்’ என்றால் ஒருமுறை பார். ‘லைஸ்’ என்பதற்கு ‘போர்க் பைஸ்’. பொய் சொல்பவர் ‘போர்க்கீஸ்’ சொல்கிறார். இந்த முறை புரிந்துவிட்டால், கேட்டறியாத சொல்லையும் ஓரளவு ஊகிக்க முடியும். நமக்கு நெருக்கமான உதாரணம் ‘ரூபி’. 1950களில் புகழ்பெற்றிருந்த பெல்ஃபாஸ்ட் பாடகி ரூபி மரேயின் பெயர் ‘கறி’யோடு எதுகை பட்டதால், ‘ரூபி’ சாப்பிடப் போகிறேன் என்றால் இந்திய உணவகத்துக்குப் போகிறேன் என்று பொருள். கறி என்ற தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் புகுந்து, அங்கே ஒரு பாடகியின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஆனால் ‘கறி ஃபேவர்’ என்ற தொடருக்கும் நம் கறிக்கும் தொடர்பில்லை. அது குதிரையைத் தேய்த்து விடுவதைக் குறிக்கும் பழைய வினை. 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதையொன்றில் வரும் ஃபோவெல் என்ற குதிரையின் பெயரே பின்னாளில் ‘ஃபேவர்’ என்று திரிந்தது. முகத்துதி செய்து காரியம் சாதிப்பது என்ற பொருள் அங்கிருந்து வந்தது.

இந்தியாவில் பணியாற்றிய படைவீரர்கள் எடுத்துச் சென்ற சொற்களும் பிரிட்டிஷ் கொச்சையில் வாழ்கின்றன. வசதியான வேலையைக் குறிக்கும் ‘குஷி’, ஒருமுறை பார்ப்பதைக் குறிக்கும் ‘டெக்கோ’ ஆகியவற்றை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். புத்தி பேதலித்தவரைக் குறிக்கும் ‘டூலாலி’ என்பது நாசிக் அருகிலுள்ள தேவ்லாலி என்ற ஊர்ப் பெயர். பணி முடிந்து தாய்நாடு திரும்பும் கப்பலுக்காக அங்கிருந்த முகாமில் மாதக்கணக்கில் வெறுமனே காத்திருந்த வீரர்கள் நிலைகுலைந்து போனதால் ஊரின் பெயர் நோயின் பெயராயிற்று.

ஆஸ்திரேலியாவின் சாவி இன்னும் எளிது. சொல்லின் தலையை வெட்டி எடுத்து, அதன் வாலில் ‘ஓ’ அல்லது ‘ஈ’ சேர்த்துவிடுவார்கள். ‘ஆஃப்டர்நூன்’ என்பது ‘ஆர்வோ’ ஆகும், பெட்ரோல் நிலையமான ‘சர்வீஸ் ஸ்டேஷன்’ ‘சர்வோ’ ஆகும், வேலைக்கிடையே எடுக்கும் சிறு ஓய்வு ‘ஸ்மோக்கோ’, காலை உணவு ‘பிரெக்கி’, கொசு ‘மொஸ்ஸி’, குழாய், மின்கம்பி வேலை செய்பவர் ‘டிரேடி’. உலகம் முழுவதும் பரவி, 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆண்டுச் சொல்லாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘செல்ஃபி’யும் இந்த வார்ப்பில் பிறந்ததுதான். அச்சொல்லுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று 2002ஆம் ஆண்டின் ஓர் ஆஸ்திரேலிய இணையப் பதிவு. ‘மை ஷவுட்’ என்று ஒருவர் சொன்னால் அவர் கத்தப் போவதில்லை. இந்தச் சுற்றுக்கு நான் காசு கொடுக்கிறேன் என்கிறார். அடுத்த சுற்று உங்களுடையது என்பதும் அதில் அடக்கம், அதைச் சொல்லாமலே எதிர்பார்ப்பார்கள். ‘தாங்ஸ்’ என்பது ரப்பர் செருப்பு. பிற நாடுகளில் அதே சொல் ஓர் உள்ளாடையைக் குறிக்கும் என்பதால் கடையில் கேட்கும்போது எந்த நாட்டில் நிற்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

அமெரிக்காவின் அலுவலக ஆங்கிலத்தைத் திறக்கும் சாவி பேஸ்பால் விளையாட்டு. இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ‘ஸ்டிக்கி விக்கெட்’, ‘ஆன் த பேக் ஃபுட்’ போன்ற பிரிட்டிஷ் தொடர்கள் கிரிக்கெட் பார்க்கும் எவருக்கும் தாமாகவே விளங்கிவிடும். பந்தாட்டம் எப்படிப் பேச்சாக மாறுகிறது என்பதை நாம் ஏற்கெனவே அறிவோம். பேஸ்பாலின் அடிப்படை விதிகளை ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொண்டால், ‘டச் பேஸ்’ (தொடர்புகொண்டு பேசுதல்), ‘கர்வ்பால்’ (எதிர்பாராத சிக்கல்), ‘ஸ்டெப் அப் டு த பிளேட்’ (பொறுப்பேற்க முன்வருதல்), ‘அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்ட்’ (சற்றும் எதிர்பாராத விதமாக), ‘பால்பார்க் ஃபிகர்’ (தோராயக் கணக்கு) ஆகியவை தனித்தனியாக நெட்டுரு செய்ய வேண்டிய சொற்களாக இரா. மழையால் ஆட்டம் தடைபட்டால் வேறொரு நாளில் வந்து பார்க்கலாம் என்று 1880களில் கொடுக்கத் தொடங்கிய சீட்டுதான் ‘ரெயின் செக்’. இன்று ஓர் அழைப்பை நயமாகத் தள்ளிப்போட, ‘கேன் ஐ டேக் எ ரெயின் செக்?’ என்கிறார்கள். கடைசி நேரக் குருட்டு முயற்சியைக் குறிக்கும் ‘ஹெய்ல் மேரி’ அமெரிக்கக் கால்பந்திலிருந்து வந்தது. 1975 டிசம்பர் 28 அன்று டல்லாஸ் அணியின் ரோஜர் ஸ்டாபாக் ஆட்டம் முடியும் தறுவாயில் எறிந்த நெடுந்தூரப் பந்து அதைப் பரவலாக்கியது.

அமெரிக்கக் கொச்சையின் மற்றொரு பெரிய ஊற்று கறுப்பின மக்களின் ஆங்கிலம். ‘கூல்’ முதல் ‘வோக்’ வரை, இளைஞர் மொழி என்று இணையத்தில் பரவும் சொற்களில் பல அச்சமூகத்தில் பிறந்து, பிறரால் எடுத்தாளப்பட்டு, சில நேரங்களில் பொருள் திரிந்து திரும்பி வருபவை. அவற்றைப் புரிந்துகொள்வது தேவை. ஆனால் அந்தச் சமூகத்தின் உச்சரிப்பையும் இலக்கணத்தையும் வெளியிலிருந்து வந்தவர் நடித்துக் காட்டுவது கேலியாகவே படும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். அயர்லாந்தில் ‘கிவிங் அவுட்’ என்றால் திட்டுவது. இலங்கைத் தமிழர் ‘அப்பா பேசினார்’ என்று சொன்னால் தமிழ்நாட்டுக்காரருக்கு அது வெறும் உரையாடலாகப் படுவதை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அங்கேயே ‘ஐ ஆம் ஆஃப்டர் ஈட்டிங்’ என்பவர் இப்போதுதான் சாப்பிட்டு முடித்தவர். ஐரிஷ் மொழியின் இலக்கணம் ஆங்கில உடை அணிந்து வந்த தொடர் அது. தென்னாப்பிரிக்காவில் போக்குவரத்து விளக்குக்கு ‘ரோபோ’ என்று பெயர். ‘ஜஸ்ட் நவ்’ வருகிறேன் என்று ஒருவர் சொன்னால், நம் ஊரில் ‘இதோ கிளம்பிட்டேன்’ என்பதற்கு உள்ள நம்பகத்தன்மையே அதற்கும் உண்டு. கனடாவில் ஒரு டாலர் நாணயம் ‘லூனி’; 1987இல் வெளிவந்த அந்த நாணயத்தில் உள்ள லூன் என்ற நீர்ப்பறவையால் வந்த பெயர். சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலத்தில் நம் வீட்டுக் குரலே கேட்கும்: முட்டாளைக் குறிக்கும் ‘குண்டு’, தெருமுனை மளிகைக் கடையைக் குறிக்கும் ‘மாமா ஷாப்’, எதற்கும் எழும் ‘ஐயோ’. இந்த ‘ஐயோ’ 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும் இடம்பெற்றது.

நம்முடைய ஆங்கிலத்துக்கும் முகவரி உண்டு

பிற நாட்டு வழக்கைக் கற்பவர் பலரும் மறந்துவிடுவது, தாம் பேசும் ஆங்கிலமும் ஒரு வட்டார வழக்கு என்பதை. ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று நாம் கேட்பது ‘ஒரு சந்தேகம்’ என்ற தமிழ்த் தொடரின் ஆங்கில வடிவம். வெளிநாட்டவர் காதில் அது கேள்வியாக விழாமல், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்ற பொருளில் விழக்கூடும். ‘பாஸ்டு அவுட் இன் 2015’ என்று வேலைக்கான நேர்காணலில் சொன்னால், அமெரிக்கர் நீங்கள் அந்த ஆண்டில் மயங்கி விழுந்ததாக எண்ணிக்கொள்வார். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, ‘டூ த நீட்ஃபுல்’, ஒரு நிகழ்வை முன்தேதிக்கு மாற்றுவதைக் குறிக்கும் ‘பிரீபோன்’ ஆகியவை இந்தியாவுக்குள் எந்தத் தடையும் இல்லாமல் செல்லுபடியாகும் காசுகள். இவற்றைத் தவறு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘பிரீபோன்’ போன்ற தேவையான சொல் வேறு எங்கும் வேரூன்றாதது ஆங்கிலத்தின் குறையே. என்றாலும் எந்தக் காசு எந்த எல்லைக்குள் செல்லும் என்பதை அறிந்திருக்க வேண்டும். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஆங்கிலத் தொடர்களில் 20ஐ எழுதி, அவற்றில் எவை இந்தியாவுக்கோ இலங்கைக்கோ மட்டும் உரியவை என்று சரிபார்த்துக்கொள்வதை முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம்.

குறிப்பேடு

நாள் ஒன்றுக்கு இரண்டு தொடர்களுக்கு மேல் எழுத வேண்டாம். அவையும் பட்டியலிலிருந்து எடுத்தவையாக இல்லாமல், உண்மையான பேச்சில் காதில் விழுந்தவையாக இருக்கட்டும். வானொலி நேயர் அழைப்பு நிகழ்ச்சிகள், ஒலியோடைகளில் (பாட்காஸ்ட்) நண்பர்கள் இருவர் பேசிக்கொள்ளும் நிகழ்ச்சிகள், நகைச்சுவைத் தொடர்கள் ஆகியவற்றில் பேச்சு எழுதப்பட்ட உரையைவிட இயல்பாக ஓடும். செய்தி அறிக்கையைக் கேட்டுக் கொச்சை கற்க முடியாது.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ‘நாக்கர்ட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பொருள்: களைத்துப் போதல், தமிழில் ‘உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது’ என்று சொல்லும் நிலை. நாடு: பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கர் பலருக்குப் பழக்கமில்லை. யாரிடம்: நண்பர், உடன் பணிபுரிபவர், வீட்டார், நேர்காணலிலும் அலுவல் கடிதத்திலும் கூடாது. அமைப்பு: ‘ஐ ஆம் நாக்கர்ட்’, ‘அப்ஸொலூட்லி நாக்கர்ட்’, ‘வெரி’ என்ற அடைமொழி இதனோடு அவ்வளவாக ஒட்டாது. பிறப்பு: உழைத்துத் தேய்ந்த குதிரைகளை அடிமாட்டு விலைக்கு வாங்கிக் கொல்பவருக்கு ‘நாக்கர்’ என்று பெயர். கேட்ட இடம்: எந்த நிகழ்ச்சியில், யார், எதற்காகச் சொன்னார் என்ற ஒரு வரி. இந்தக் கடைசி வரியைச் சோம்பலால் விட்டுவிடத் தோன்றும். ஆறு மாதம் கழித்து அச்சொல்லை நினைவுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் அந்த வரியாகத்தான் இருக்கும்.

பிறப்புக் கதைகளில் ஓர் எச்சரிக்கை தேவை. சுவையான கதை பெரும்பாலும் பின்னால் கட்டப்பட்டது. ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்பதற்கு, கூரை வேய்ந்த வீடுகளிலிருந்து மழையில் நாயும் பூனையும் வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்படும் விளக்கத்துக்குச் சான்று எதுவும் இல்லை. காரியம் எளிதில் முடிந்துவிடும் என்ற பொருளில் வரும் ‘பாப்ஸ் யுவர் அங்கிள்’ என்ற தொடரை, 1887இல் ராபர்ட் என்ற இயற்பெயர் கொண்ட பிரதமர் சாலிஸ்பரி தம் மருமகன் பால்ஃபருக்கு அயர்லாந்துக்கான அமைச்சர் பதவி கொடுத்ததோடு இணைப்பார்கள். மாமன் பிரதமராக இருக்கும்போது மருமகனுக்கு என்ன குறை என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடர் அச்சில் தென்படுவது 1920களில்தான். மாறாக, நம்ப முடியாததாகத் தோன்றும் ‘ஓகே’யின் கதைக்கு உறுதியான சான்று உண்டு. ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே பிழையாக எழுதி அதன் முதலெழுத்துகளை எடுத்துக்கொண்ட பத்திரிகை வேடிக்கை அது. 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது.

சரிபார்க்கும் கருவிகள்

கேட்ட தொடரைக் குறிப்பேட்டில் ஏற்றும் முன் இரண்டு இடங்களிலாவது சரிபாருங்கள். கேம்பிரிட்ஜ் இணைய அகராதி ஒவ்வொரு சொல்லுக்கும் நாடு, நாகரிக அளவு, பழமை ஆகியவற்றைக் குறிக்கும் சிறு அடையாளங்களைத் தருகிறது. பலரும் கண்ணோட்டாமல் தாண்டிச் செல்லும் அந்தக் குறிப்புகளில்தான் நாம் தேடும் முகவரி இருக்கிறது. ஆஸ்திரேலியச் சொற்களுக்கு 1981இல் முதன்முதலாக வெளிவந்த மாக்குவாரி அகராதி நம்பத்தக்கது. கொச்சையின் வரலாற்றுக்கு, 2010இல் மூன்று தொகுதிகளாக அச்சிடப்பட்ட ஜோனத்தன் கிரீனின் கொச்சை அகராதி இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு தொடர் உண்மையில் எந்த நாட்டில் அதிகமாகப் புழங்குகிறது என்பதை அறிய, 20 நாடுகளின் இணையப் பக்கங்களிலிருந்து சுமார் 190 கோடி சொற்களைத் திரட்டி வைத்திருக்கும் ‘குளோப்’ என்ற தொகுப்பில் தேடலாம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகியவையும் அதில் உண்டு. உச்சரிப்பைக் கேட்க, யூடியூப் காணொளிகளிலிருந்து ஒரு தொடர் சொல்லப்படும் இடங்களை மட்டும் நாடுவாரியாக எடுத்துக் காட்டும் ‘யூகிளிஷ்’ என்ற தளம் உதவும்.

1999இல் தொடங்கப்பட்ட அர்பன் டிக்‌ஷனரியை நேற்றுப் பிறந்த சொல்லுக்காகத் திறக்கலாம். எவரும் எதையும் எழுதலாம் என்பதால், ஒருவர் தம் நண்பரைக் கேலி செய்ய உருவாக்கிய சொல்லும் அங்கே அகராதிச் சொல் போல நிற்கும். வேறெங்கும் சான்று கிடைக்காத வரை அதிலுள்ளதை ஏற்க வேண்டாம்.

வாய் திறக்கும் முன்

காதுக்கும் வாய்க்கும் தனித்தனி எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். காதுக்கு ஆயிரம் தொடர்கள் தெரியலாம், வாய்க்கு முதலாண்டில் முப்பது போதும். ஒரு தொடரை வெவ்வேறு மூன்று பேர் இயல்பாகச் சொல்லக் கேட்ட பிறகு, அவர்களில் ஒருவராவது உங்கள் வயதினராகவும் உங்கள் நிலையில் இருப்பவராகவும் இருந்தால், நீங்களும் சொல்லலாம் என்பது நான் பின்பற்றும் அளவுகோல். திருநெல்வேலிக்குப் புதிதாக வந்தவர் ‘ஏலே’ என்று பெரியவர் ஒருவரை அழைத்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தத் தயக்கத்தின் காரணம் விளங்கும்.

வசைச் சொற்களில் இந்த எல்லை இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும், ஏனெனில் அவற்றின் கனம் நாட்டுக்கு நாடு மாறும். ‘பிளடி’ என்பது ஆஸ்திரேலியாவில் மிக இலேசான சொல். 2006இல் அந்நாட்டுச் சுற்றுலாத் துறை அச்சொல்லை வைத்தே ஒரு விளம்பரம் எடுத்து உலகெங்கும் அனுப்ப, பிரிட்டனில் தொலைக்காட்சி விளம்பரங்களை முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கும் அமைப்பு முதலில் அதைத் தடுத்தது. அரசாங்கமே கணிக்கத் தவறிய எடையைப் புதிதாகக் கற்பவர் கணித்துவிடுவது கடினம். வசைச் சொற்களைப் புரிந்துகொள்ளுங்கள், சொல்லாதீர்கள்.

புரியாத தொடர் ஒன்றை எதிரில் இருப்பவர் சொல்லிவிட்டால், தலையை ஆட்டிச் சமாளிப்பது பின்னர் ‘வெற்றுத் தட்டில்’தான் முடியும். ‘தட்ஸ் எ நியூ ஒன் ஆன் மீ’ என்று சிரித்துக்கொண்டே சொன்னால், இது எனக்குப் புதிது என்பதைத் தெரிவித்தது போலவும் ஆகும், அவரும் ஆர்வத்தோடு விளக்குவார். தம் ஊர்ச் சொல்லைப் பற்றிக் கேட்டால் பேசத் தயங்கும் மனிதரை நான் கண்டதில்லை.

பயன்படுத்தத் தொடங்கும்போது முகமன், நன்றி, விடைபெறுதல் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். அவை நாள்தோறும் பலமுறை வரும், தவறினாலும் சேதம் இல்லை. பிரிட்டனில் பேருந்தை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு ஒரு ‘சியர்ஸ்’ போதும். ஆஸ்திரேலியாவில் அதே ஓட்டுநர் ‘ஹவ் யா கோயிங்?’ என்று கேட்டால், எப்படிப் பயணம் செய்கிறீர்கள் என்று கேட்கிறார் போலும் என்று எண்ணி ‘பை பஸ்’ என்று பதில் சொல்லிவிட வேண்டாம். ‘குட், தேங்க்ஸ், யூ?’ என்பதே அதற்குரிய விடை.